ஐந்து பஞ்சுக்குச்சி

14-6-2001
மாமல்லபுரத்துக்குத் தெற்கே, குப்பம்

அன்புத் தம்பி மூர்த்திக்கு,

அக்கா சம்பூர்ணம் எழுதிக்கொண்டது. இங்கே கடலும் காற்றும் சாந்தமாக இருக்கின்றன, நாங்களும் அப்படியே. அந்தமானில் உனக்கு வேளைக்குச் சோறு கிடைக்கிறதா, இடுப்பு வலி தேவலையா என்று மறக்காமல் எழுது.

உன் மகள் அனு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் சவுக்குத் தோப்பு வந்ததும் நின்றுவிடுவாள். "அத்த, மரம் பேசிக்கினு கீது, கொஞ்சம் இரு" என்பாள். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நானும் நின்று கேட்கிறேன். கேட்டால் பேசுகிற மாதிரிதான் இருக்கிறது.

சென்னை டாக்டர் ஆகஸ்டு மாதம் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார். நெஞ்சில் இருக்கிற ஓட்டை புளியங்கொட்டை அளவாம். அடைத்துவிட்டால் மற்றப் பிள்ளைகள் மாதிரி ஓடுவாளாம். அவள் அம்மா கன்னியம்மா கண்ணை மூடியதிலிருந்து பிள்ளை என் கைக்குள்தான் தூங்குகிறாள். அவள் கழுத்தில் முகத்தை வைத்துப் படுத்தால் காதில் உஸ், உஸ் என்று கேட்கும். அது அவள் நெஞ்சா, வெளியே அலையா என்று பிரிக்கத் தெரியாமலே கண் அசந்துவிடுகிறது.

ஒரே ஒரு தொந்தரவு. அக்குளில் சீழ்க்கட்டி வந்திருக்கிறது. இந்த வருஷத்தில் இது மூன்றாவது.

ஆபரேஷனுக்கு நீ வரவேண்டும். இரண்டரை வருஷத்தில் பிள்ளை உன் முகத்தை மறந்துகொண்டு வருகிறாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


9-7-2001
ஜங்லிகாட், போர்ட் பிளேர்

அக்காவுக்கு மூர்த்தி,

நான் நல்லா கீறேன். எனக்கு எழுத்துத் தமிழ் வராது, பேசுற மாதிரியேதான் வரும். நீயும் அனுவும் சுகமா இருக்கணும்னு அம்மனை வேண்டிக்கிறேன்.

கட்டிய கீறி வுடாத. வேப்பிலையும் மஞ்சளும் அரச்சி பத்து போடு. மாம்பழம் குடுக்காத, சூடு. கட்டி எவ்ளோ பெருசு, ஜொரம் வந்துச்சா, எல்லாம் வெவரமா எழுது.

இங்க பொழுது சாயும்போது தண்ணி பச்சையா மாறும். படகு போன தடம் அப்டியே கொஞ்ச நேரம் நிக்கும், யாரோ கோடு போட்ட மாதிரி. எஞ்சின் வேலய முடிச்சிட்டு கைய கழுவாம அத பாத்துகினே ஒக்காந்துடுவேன்.

ஆகஸ்டுல ரெண்டு படகு எஞ்சின் எறக்கி ஏத்தணும். லீவு பாக்கலாம்.

கட்டிய பத்தி எழுது.
மூர்த்தி


8-8-2001
குப்பம்

தம்பிக்கு அக்காவின் ஆசிகள். நாங்கள் சென்னைக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டோம். நீ வருவாய் என்று கடைசி வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகட்டும்.

ஆபரேஷன் நடக்கவில்லை. கட்டியைப் பார்த்ததும் டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. ஒரு பஞ்சுக்குச்சியை அனுவின் மூக்கில் சுழற்றி எடுத்து அனுப்பினார்கள். வழக்கமான மருந்துக்கு மசியாத ஒரு கிருமி அவள் மூக்கில் குடியிருக்கிறதாம். சும்மா இருக்கிற வரைக்கும் ஒன்றும் செய்யாதாம். நெஞ்சைத் திறக்கும்போது அது உள்ளே இறங்கிவிட்டால் பிள்ளை நமக்கு இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். ஐந்து நாள் மூக்கில் தடவக் களிம்பு கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியிலேயே பரிசோதித்துக் கொண்டு வரச் சொன்னார்கள்.

எலெக்ட்ரிக் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். "அத்த, அது மூக்குக்குள்ள இன்னா பண்ணுது?" என்றாள். "தூங்குது" என்றேன். செங்கல்பட்டு ஏரி வருகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டாள், அதை எழுப்பிவிடக் கூடாதாம்.

எங்களுக்கு உடம்புக்கு வேறொன்றும் இல்லை. நீ வெயிலில் அலையாதே.
சம்பூர்ணம்


20-9-2001
குப்பம்

தம்பி மூர்த்திக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது. இங்கே எல்லாரும் நலம்.

களிம்பு போட்டோம். மூக்கைத் திரும்பப் பார்த்தார்கள், சுத்தம். அம்மனுக்குக் கூழ் ஊற்றினேன். ஒன்பதாம் நாள் தொடையில் ஒரு கட்டி எழும்பியது. செப்டம்பரில் கொடுத்த தேதியும் போய்விட்டது.

செங்கல்பட்டு பரிசோதனைக் கூடத்தில் கோதை என்று ஓர் அம்மா இருக்கிறார். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தினம் ரயிலில் வருகிறார். அவரும் செல்வராஜ் டாக்டரும் கட்டியோடு வருகிற பிள்ளைகளிடம் இந்தக் கிருமி எங்கெங்கே தங்குகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். கோதையம்மா அனுவை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "எல்லாரும் மூக்கில் மட்டும் தேடிட்டு விட்டுடறா. குழந்தைகள்கிட்ட அது வேற வேற இடத்தில் ஒளிஞ்சுக்கும். நாம எல்லா ரூமையும் தட்டிப் பார்க்கலாமா?" என்றார். மூக்கு, தொண்டை, அக்குள், தொடையிடுக்கு, பின்பக்கம் என்று ஐந்து இடத்துக்கு ஐந்து பஞ்சுக்குச்சி. அனு அழவில்லை. தொண்டையில் வைத்தபோது மட்டும் ஓங்கரித்தாள்.

வீட்டில் இருக்கிறவர்களையும் பார்க்கவேண்டும் என்றார்கள். பார்த்தார்கள்.

நெத்திலி இந்த வருஷம் நிறைய. மணல் முழுக்க வெள்ளியாகக் காய்கிறது. அடுத்த தெருச் சந்திரம்மா உன்னை விசாரித்தாள்.
அக்கா


11-10-2001
ஜங்லிகாட்

அக்கா,

கோவிச்சிக்காத. ஹட்பே தீவு பக்கம் படகு நின்னுபோச்சி, அங்கயே ஆறு வாரம் தங்கிட்டேன். வந்து பாத்தா ரெண்டு கடுதாசி ஒன்னா கெடக்குது. நான் நல்லாத்தான் கீறேன். நீ எப்டி கீற?

தொடைல வந்த கட்டி ஆறிட்சா? அது எங்கேர்ந்து வந்து ஒட்டிக்கிச்சின்னு கேட்டியா? பள்ளிக்கூடமா, மார்க்கெட்டா, அக்கம்பக்கமா? யாராண்டேர்ந்து வந்துச்சோ, அவங்கள புள்ளகிட்ட அண்ட வுடாத. சொந்தம் பந்தம்னு மூஞ்சி பாக்காத. கறாரா இரு.

உன்னையும் பாத்தாங்கன்னு எழுதினியே, இன்னா சொன்னாங்க?

இங்க மழ. தகரத்து மேல பேஞ்சிகினே கீது. அந்தச் சத்தத்துல தூங்கினா கனவே இல்லாத தூக்கம் வருது.
மூர்த்தி


5-11-2001
குப்பம்

தம்பிக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடியே செய்துவிட்டேன். அனு இப்போது சந்திரம்மா வீட்டில் இருக்கிறாள். வேளைக்குச் சாப்பாடு செய்து அனுப்புகிறேன்.

நான்கு நாளாக அடைமழை. கடலும் வானமும் ஒரே நிறமாகி, நடுவில் இருந்த கோடு காணாமல் போய்விட்டது.

சம்பூர்ணம்


28-11-2001
செங்கல்பட்டு

திரு. மூர்த்தி அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். நான் கோதை. உங்கள் மகள் அனுவின் பரிசோதனைகளைச் செய்பவள். உங்கள் விலாசத்தைச் சந்திரம்மாவிடம் வாங்கினேன். உங்கள் அக்காவுக்கு இது தெரியாது. தெரிந்தால் என்னைக் கோபித்துக்கொள்வார்.

அவர் உங்களுக்கு எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். செப்டம்பரில் அவர் மூக்கிலும் அதே கிருமி இருந்தது. களிம்பு கொடுத்தோம், இப்போது போய்விட்டது. ஆனால் அன்று முடிவைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி. "அப்போ என் மூச்சுலேர்ந்துதான் போச்சா?" நான் பதில் சொல்வதற்குள் எழுந்து வெளியே போய்விட்டார். கடலுக்குப் போன புருஷன் திரும்பாத நாளிலிருந்தே தன்னை ராசியில்லாதவள் என்று நினைக்கிறவராம். இப்போது அதற்கு ஒரு சீட்டு எழுதி நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது மாதிரி ஆகிவிட்டது. பிறகு உங்கள் கடிதம் போயிருக்கிறது.

அனுவின் மூக்கு சுத்தம். அவளுக்கு அது தொண்டையிலும் தொடையிடுக்கிலும் இருக்கிறது. இதுவரை நூறு குழந்தைகளைப் பார்த்துவிட்டோம். முப்பத்தொரு பேரிடம் இந்தக் கிருமி இருந்தது. மூக்கை மட்டும் பார்த்திருந்தால் அவர்களில் பன்னிரண்டு பேரை ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அனு அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி.

யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று எந்தப் பரிசோதனைக் கூடத்தாலும் சொல்ல முடியாது. அக்காவிடமிருந்து குழந்தைக்குப் போயிருக்கலாம். குழந்தையிடமிருந்து அக்காவுக்கு வந்திருக்கலாம். ஒரே பாயில் முகத்தோடு முகம் வைத்துத் தூங்குகிறவர்களுக்குள் அது இரண்டு பக்கமும் நடக்கும். அதில் குற்றம் என்று ஒன்றுமே இல்லை.

போன வாரம் சந்திரம்மா அனுவை அழைத்து வந்தார். உங்கள் அக்கா பத்தடி தள்ளி, வராந்தாத் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றார். குழந்தை அந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துத் தண்ணீரைக் கொப்பளிக்க மறுக்கிறாள். சோறு இறங்கவில்லை. ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறாள். இன்னும் குறைந்தால், கிருமி போனாலும் ஆபரேஷன் தாங்க மாட்டாள்.

ஒன்று கேட்கலாமா? சந்திரம்மா உங்கள் கடிதங்களைப் பற்றிச் சொன்னார். கட்டியைப் பற்றி அவ்வளவு கேட்கிறீர்கள். இதயத்தைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை இல்லை?

அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் மன்னிக்கவும்.
கோதை


16-12-2001
ஜங்லிகாட்

அக்கா,

இத நீ வாங்கின ஒடனே அனுவ வூட்டுக்கு இட்டுகினு வந்துடு. மீதிய அப்பறம் படி.

கோதையம்மா எழுதிட்டாங்க. அவங்கள ஒன்னும் சொல்லாத. நான் எழுதினது உன்ன நெனச்சி இல்ல. ஆனா உன்னத்தான் போயி அடிச்சிட்சி. உன் மூக்குல இருந்துச்சின்னு நீ சொல்லல. எப்டி சொல்லுவ, நான்தான் மொதல்லயே கத்திய நீட்டிட்டனே.

நானும் ஒன்னு சொல்லாம வச்சிகினு கீறேன். கன்னியம்மா போயி மூணாம் மாசம், டாக்டரு அனு மாருல கொழாய வச்சி, ஓட்ட கீதுன்னு சொன்னாரே, அன்னிலேர்ந்து எனக்கும் அந்த உஸ்ஸு கேக்கும். நீ அத கேட்டுத் தூங்குவ. நான் எழுந்து மணலுக்குப் போயிடுவேன். கன்னியம்மாவும் கடசில நெஞ்சப் புடிச்சிகினு அப்டித்தான் மூச்சு வுட்டா. எப்ப நின்னுடுமோ எப்ப நின்னுடுமோன்னு பக்கத்துல படுத்துகினு எண்ணிகினே இருக்க என்னால முடியல அக்கா. அதுக்குத்தான் இவ்ளோ தண்ணிய நடுவுல போட்டுகினு இங்க வந்து ஒக்காந்தேன். வேல கெடச்சிதுன்னு ஊர்ல சொன்னது சும்மா.

கட்டிய பத்தி கேக்கறது சுளுவு. கட்டி ஒடையும், ஆறும்.

புள்ளைய வுட்டு ஓடினவன் நான். அண்ட வுடக் கூடாத ஆளு யாருன்னா நான்தான். நீ இல்ல. கப்பலுக்குப் பேர் குடுத்துட்டேன். பிப்ரவரில எடம் கெடைக்கும்ன்றாங்க.

நேரத்துக்கு சாப்புடு.
மூர்த்தி


24-1-2002
குப்பம்

என் தம்பி மூர்த்திக்கு,

பொங்கல் நல்லபடியாகப் போயிற்று. அனு சுகம். நானும் சுகம், இந்தத் தடவை நிஜமாகவே.

புது வருஷம் பிறந்த மறுநாள் உன் கடிதம் மத்தியானத் தபாலில் வந்தது. முதல் வரியைப் படித்துவிட்டு சந்திரம்மா வீட்டுக்குப் போனேன். அனு காய்கிற வலைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். வெயில் கட்டம் கட்டமாக அவள்மேல் விழுந்து, தண்ணீருக்குள் இருக்கிற பிள்ளை மாதிரி இருந்தாள். பழக்க தோஷத்தில் நான் தள்ளியே நின்றுவிட்டேன்.

"உன் மூக்குல இருந்தது பூட்சா அத்த?" என்றாள்.

"பூட்சி."

"என்னுது இன்னும் கீது. நான் வந்தா உனக்கு ஒட்டிக்கும். அதான் நான் வரல."

அவளும் என்னைக் காப்பாற்றத்தான் அங்கே இருந்திருக்கிறாள், மூர்த்தி. ஆறு வயசு. இரண்டு மாதமாக நான் ஒரு வீட்டிலும் அவள் ஒரு வீட்டிலுமாக ஒருவருக்கொருவர் காவல் இருந்திருக்கிறோம். அதற்கப்புறம் நான் எப்படி நடந்தேன், எப்படித் தூக்கினேன் என்று நினைவில்லை. கனமே இல்லை அவள்.

அடுத்த பத்து நாளும் கோதையம்மா சொன்னபடி செய்தோம். தினம் மருந்து ஊற்றிய தண்ணீரில் குளியல், மடிப்பு மடிப்பாகத் தேய்த்து. ஆளுக்கு ஒரு துண்டு. பாய், துணி, தலையணை உறை எல்லாம் வெந்நீரில் போட்டு வெயிலில். மீன் விற்றுவிட்டு வந்தால் முழங்கை வரைக்கும் சோப்பு. கொப்பளிக்கத்தான் படுத்தினாள். "உங்க நைனா எஞ்சின ஸ்டார்ட் பண்ற மாதிரி பண்ணு" என்றேன். அப்புறம் வாயை எடுக்கவில்லை. காலையும் மாலையும் வீட்டுக்குள் ஒரு படகு கிளம்பிக்கொண்டே இருந்தது.

ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டு தடவை பார்த்துவிட்டார்கள். ஐந்து குச்சியும் சுத்தம். எனக்கும் சுத்தம். கோதையம்மா அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "திரும்பவும் வரலாம், அப்போ திரும்பவும் துரத்தலாம்" என்றார். எடையும் ஏறியிருக்கிறது. பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன்.

அந்த உஸ்ஸைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். நீ எழுந்து போவது எனக்கு அப்போதே தெரியும். கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். கூப்பிடலாமா என்று நினைத்து, கூப்பிடாமல் இருந்துவிட்டேன். கூப்பிட்டிருக்கலாம்.

வா.
அக்கா


10-2-2002
குப்பம்

மூர்த்தி,

நீ வந்தால் கொடுக்கச் சொல்லி இதைச் சந்திரம்மாவிடம் விட்டுப் போகிறேன். சாவியும் அவளிடம்தான். பானையில் பழையது இருக்கிறது, கருவாட்டுக் குழம்பு சுட வைத்துக்கொள். சாப்பிட்டுவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறு. அங்கிருந்து எலெக்ட்ரிக் ரயிலில் எழும்பூர். ஆஸ்பத்திரி பெயரைச் சந்திரம்மா எழுதி வைத்திருக்கிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அக்கா


20-3-2002
குப்பம்

கோதையம்மாவுக்கு மூர்த்தி வணக்கம். நீங்களும் வூட்ல எல்லாரும் சௌக்கியமா? இங்க மூணு பேரும் சௌக்கியம். ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லலாம்னு பாத்தேன், எதிர்ல நின்னா பேச்சு வராது. அதான் எழுதறேன்.

அக்கா ஜனவரில போட்ட கடுதாசி கைக்கு வர்றதுக்குள்ள நான் கப்பல் ஏறிட்டேன். தேதி தெரியாது. கப்பலும் ஒரு நாள் லேட்டு. மெட்ராஸ்ல எறங்கி, என் மகள் படுத்திருந்த ஆஸ்பத்திரித் தெரு வழியாவே பஸ்ல தூங்கிகினு போயிருக்கேன். குப்பத்துக்கு வந்தா கதவு பூட்டியிருந்துச்சி. சந்திரம்மாதான் அக்கா எழுதி வச்சிட்டுப் போன சீட்டைக் குடுத்தாங்க. சாப்புடல. அப்டியே திரும்பினேன். ரயில்ல ஏரி வந்துச்சி, தண்ணி அசையவே இல்ல. நானும் அசையல. ஜன்னல்ல தெரிஞ்ச ஊரெல்லாம் யாரோ சொல்ற கத மாதிரி பின்னால போச்சி.

போய்ச் சேந்தது பதிமூணாம் தேதி சாயங்காலம். ஆபரேஷன் முந்தின நாளே நல்லபடியா முடிஞ்சிருந்திச்சி. ஐ.சி.யூ கதவாண்ட அக்கா தரையில ஒக்காந்திருந்தா. என்னப் பாத்து அழல. "வந்துட்டியா, கைய கழுவு"ன்னா.

நர்சம்மா வந்து, "ஒருத்தர்தான் உள்ள போலாம், அஞ்சு நிமிசம். பெத்தவங்க யாரு?"ன்னு கேட்டாங்க. அக்கா என்னப் புடிச்சித் தள்ளினா. "நீ போ. ரொம்ப நாளாச்சி." பச்ச அங்கிய மாட்டினேன். கண்ணாடி வழியா எட்டிப் பாத்தேன். அவ்ளோ கொழாய்க்கு நடுவுல சின்னதா படுத்துகினு கீறா. கண்ணு மூடியிருக்கு, வாயி மட்டும் அசையுது. "முழிப்பு வந்ததுலேர்ந்து அத்த அத்தன்னுதான் கேக்குது"ன்னாங்க நர்சம்மா.

நான் அங்கிய கழட்டி அக்காவுக்கு மாட்டி வுட்டேன். "பெத்தவங்க யாருன்னு கேட்டேன்"னாங்க மறுபடியும். "இவங்கதான்"னேன். அக்கா ஏதோ சொல்ல வாயத் தொறந்தா, நான் அங்கி முடிச்சப் போட்டுட்டேன்.

மூணு தடவ சோப்பு போட்டா. உள்ள போயும் ஒரு முழம் தள்ளித்தான் நின்னா, நீங்க எழுதினீங்களே, அந்தத் தூணாண்ட நின்ன மாதிரி. நான் கண்ணாடியத் தட்டி, கிட்ட போ, கிட்ட போன்னு கை காட்டினேன். மேல எல்லாம் கொழாய், தொட எடமில்ல. குனிஞ்சி கால் கட்ட வெரலப் புடிச்சிகினா. அனு கண்ணத் தொறக்கல. கால மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் நகத்தினா.

தையல் பிரிச்சி, வூட்டுக்கு வந்து ரெண்டு வாரம் ஆகுது. புண்ணு சுத்தமா ஆறிட்சி, ஒரு சொட்டு சீழ் இல்ல. நான் திரும்பிப் போகல. இங்கயே படகு எஞ்சின் ரிப்பேர் பாக்கறேன்.

அனு என்ன நைனான்னு கூப்புட இன்னும் கூச்சப்படுது. வந்தவரு, வந்தவருன்னுதான் அக்காகிட்ட சொல்லும். நான் சந்திரம்மா வூட்டுத் தாவாரத்துல படுத்துகினு இருந்தேன். முந்தாநேத்து சோறு துன்னுகினு இருக்கும்போது எம்மூஞ்சியவே பாத்துச்சி.

"நீங்க கொறட்ட வுடுவீங்களா?"

"இல்ல"ன்னேன்.

அக்கா தலையக் குனிஞ்சிகினு சிரிப்ப அடக்கினா. அனு மீதி சோத்த துன்னு முடிச்சிது. அப்பறம் எழுந்து போயி, கை கழுவிட்டு வந்து, மூலைல சுருட்டி வச்சிருந்த மூணாவது பாய இழுத்து விரிச்சிது.

ஒடம்ப பாத்துக்குங்கம்மா.
மூர்த்தி